தோட்டாவோட எடைய வச்சு எவ்வளவு தூரம் பேசலாம்? கென்னடி வழக்கு எக்ஸிபிட் 399 பத்தி ஒரு சந்தேகம்

மீனா_சட்டம்3

எல்லாருக்கும் வணக்கம். நான் லா மூணாவது வருஷம், எவிடன்ஸ் பேப்பருக்கு நிபுணர் சாட்சியம் பத்தி ஒரு பிரசன்டேஷன் கொடுக்கணும். அமெரிக்க ஜனாதிபதி கென்னடி கொலை வழக்குல அந்த ஒத்தை தோட்டா விவகாரத்தை எடுத்துக்கிட்டேன், ஏன்னா அந்தக் கொலையை விசாரிச்ச வாரன் கமிஷனோட சாட்சியம் மொத்தமும் படிக்க கிடைக்குது. ஆனா படிக்க படிக்க குழப்பம்தான் கூடுது.

விஷயம் இதுதான். 1963 நவம்பர் 22 டல்லாஸ்ல சுட்டதுல கென்னடியோட முதுகுல பாஞ்சு கழுத்து வழியா வெளிய வந்த தோட்டாவே அவருக்கு முன்னாடி சீட்ல இருந்த கவர்னர் கானலியோட மார்பு, மணிக்கட்டு, தொடை மூணையும் காயப்படுத்திச்சுன்னு கமிஷன் சொல்லுது. பார்க்லேண்ட் ஆஸ்பத்திரில ஸ்ட்ரெச்சர்ல கிடைச்ச தோட்டாதான் அதுன்னும் சொல்றாங்க, அதுக்கு எக்ஸிபிட் (சான்றுப் பொருள்) 399ன்னு நம்பர். எஃப்பிஐ லேப்ல இருந்த ராபர்ட் ஃப்ரேசியர் எடை போட்டப்ப 158.6 கிரெய்ன். அதே ரகத்துல சுடாத தோட்டா சுமார் 161 கிரெய்ன். அப்ப குறைஞ்சது வெறும் 2.4 கிரெய்ன்தானே? ஆனா கானலிக்கு மார்புல ஆபரேஷன் பண்ண டாக்டர் ராபர்ட் ஷா, மணிக்கட்டுலயே மூணு கிரெய்னுக்கு மேல உலோகம் இருக்குற மாதிரி தெரியுதுன்னு சாட்சியத்துல சொல்லியிருக்கார். அப்ப கணக்கு உதைக்குதே. தோட்டாவுல குறைஞ்சதை விட உடம்புக்குள்ள அதிகமா இருந்தா அது வேற தோட்டான்னு தானே அர்த்தம்? இது இவ்வளவு சிம்பிளான கழித்தல்னா அம்பது அறுபது வருஷமா ஏன் சண்டை போடுறாங்க? விவரம் தெரிஞ்ச அண்ணா அக்கா யாராவது சொல்லுங்களேன்.

தராசுமுள்

நல்ல கேள்விம்மா. நான் லேப் வேலைல பல வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவன், துப்பாக்கி பிரிவு இல்ல, கெமிஸ்ட்ரி. ஆனா எடை போடுறதுதான் பொழப்பா இருந்துச்சு, அதனால எனக்குப் பட்டதை சொல்றேன்.

முதல்ல கிரெய்ன்னா எவ்வளவுன்னு மனசுல வாங்கிக்கோ. ஒரு கிரெய்ன் 64.8 மில்லிகிராம். 158.6 கிரெய்ன்னா 10.28 கிராம், நம்ம நகைக்கடை கணக்குல ஒண்ணேகால் பவுனுக்கு கொஞ்சம் மேல. நீ சொல்ற அந்த 2.4 கிரெய்ன் வித்தியாசம் 0.16 கிராம் கூட வராது, ஒரு குன்றிமணி எடைக்கு சித்த அதிகம் அவ்வளவுதான். இவ்வளவு பெரிய வழக்கு இந்த ஒரு குன்றிமணி மேல நிக்குது.

இப்ப கழித்தலுக்கு வருவோம். கழிக்கணும்னா ரெண்டு எண்ணு வேணும், சுட்ட பின்னாடி எடை, சுடுறதுக்கு முன்னாடி எடை. பின்னாடி எடை கைல இருக்கு, 158.6. முன்னாடி எடை யாருக்கும் தெரியாது, ஏன்னா இந்த தோட்டாவை சுடுறதுக்கு முன்னாடி எவனும் தராசுல வைக்கலை. அதனால ஃப்ரேசியர் என்ன பண்ணார்னா அதே வெஸ்டர்ன் கார்ட்ரிட்ஜ் கம்பெனி 6.5 மில்லிமீட்டர் தோட்டா மூணை எடுத்து எடை போட்டார், 160.85, 161.1, 161.5. நல்லா கவனி, மூணே மூணு. அந்த மூணுக்குள்ளயே 0.65 கிரெய்ன் வித்தியாசம் இருக்கு, அதாவது நீ தேடுற குறையோட கால்வாசி. ஃபேக்டரில லட்சக்கணக்குல அடிக்கிற சாமான், ஒவ்வொண்ணும் ஒரே எடைல வராது.

இதை ஃப்ரேசியரே மறைக்கலை. 1964 மார்ச் 31 சாட்சியத்துல கேக்குறாங்க, எடை குறைஞ்சிருக்கான்னு. அவர் சொன்னதோட சாரம், குறைஞ்சே ஆகணும்னு கட்டாயம் இல்ல, அடிப்பக்கம் ஈயம் திறந்து இருக்கறதால அங்க கொஞ்சம் போயிருக்கலாம், ஒரு ரெண்டு கிரெய்ன் வரைக்கும் ஏத்த இறக்கம் சகஜம், அதனால அதிகபட்சம் மூணு நாலு கிரெய்ன் போயிருக்கலாம். நீயே போட்டுப் பாரு. தொடக்க எடை 159ல இருந்து 163 வரைக்கும் எங்க வேணா இருக்கலாம்னா இழப்பு 0.4ல இருந்து 4.4 வரைக்கும் எங்க வேணா இருக்கலாம். 2.4ங்கறது அதோட நடுப்புள்ளி, அவ்வளவுதான். அதை உறுதியான அளவுன்னு வச்சுக்கிட்டு பேசுறதுலதான் எல்லா சண்டையும் ஆரம்பிக்குது.

ஷா விஷயம். அவர் மார்பு டாக்டர். மணிக்கட்டை ஆபரேஷன் பண்ணது சார்லஸ் கிரெகரின்னு எலும்பு டாக்டர். ஷா எக்ஸ்ரேவைப் பார்த்து கண்ணளவுல சொன்னார். அதே 1964 ஏப்ரல் 21 அன்னிக்கே கிரெகரியும் சாட்சி சொன்னார், அவர் சொன்னது அந்த துணுக்குகள் எல்லாம் சேர்த்தாலும் ஒரு தபால் தலை எடைக்கும் கம்மின்னு, அரை மில்லிமீட்டர்ல இருந்து ரெண்டு மில்லிமீட்டர் வரைக்கும் உள்ள சீவல்கள்னு. மணிக்கட்டுல இருந்து எடுத்து லேபுக்கு வந்தது எக்ஸிபிட் 842, எடை அரை கிரெய்ன். தொடைல உள்ளயே தங்கிட்டதை டாக்டர் டாம் ஷையர்ஸ் ஒரு கிரெய்ன்ல பத்துல ஒரு பங்கு இருக்கலாம்னு சொன்னார்.

எக்ஸ்ரேல பார்த்து எடை சொல்றது ரொம்ப ஆபத்தான வேலை. ஈயம் அடர்த்தி 11.3. 2.4 கிரெய்ன் ஈயத்தை ஒரு கனசதுரக் கட்டியா பிடிச்சா ஒரு பக்கம் 2.4 மில்லிமீட்டர்தான் வரும். அரை கிரெய்ன்னா 1.4 மில்லிமீட்டர். ஸ்கேல் எடுத்து வச்சுப் பாரு, எவ்வளவு சின்னதுன்னு புரியும். அதே ஈயம் காகிதம் மாதிரி தட்டையா சிதறி இருந்தா எக்ஸ்ரேல பளிச்சுன்னு வெள்ளையா பெருசா தெரியும், தடிமன் எவ்வளவுன்னு படத்துல தெரியவே தெரியாது. ஷா மேல குறை சொல்லலை, அவர் நேர்மையா பட்டதை சொன்னார், ஆனா அது எடை இல்ல, மதிப்பீடு.

வைகைக்கரை

தராசுமுள் ஐயா சொன்ன கணக்கு சரி, அதுல எனக்கு சண்டை இல்ல. ஆனா இந்த எடை விஷயத்தை இப்படி பிரிச்சு பிரிச்சு பார்த்தா பெரிய கேள்வி தப்பிச்சுப் போயிடுதுங்கறது என் கருத்து. ஒரு தோட்டா ஒருத்தர் உடம்புல புகுந்து வெளிய வந்து இன்னொருத்தர் விலா எலும்பை நொறுக்கி அப்புறம் மணிக்கட்டு எலும்பையும் உடைச்சு தொடைல குத்தி நின்னு, அதுக்கப்புறமும் 158.6 கிரெய்ன் இருக்கு, மூக்குப் பக்கம் மழுங்காம இருக்குன்னா யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். பிரேதப் பரிசோதனை பண்ண டாக்டர் ஹியூம்ஸே கமிஷன் முன்னாடி அந்த மணிக்கட்டு துணுக்குகள் 399ல இருந்து வந்திருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மின்னு தானே சொன்னார். எட்ஜ்வுட் ஆர்சனல்ங்கற அமெரிக்க ராணுவ ஆய்வு மையத்துல டாக்டர் ஒலிவியர் டெஸ்ட் பண்ணப்ப பிணத்தோட மணிக்கட்டுல சுட்ட தோட்டாவோட மூக்கு நல்லா நசுங்கிப் போச்சு, அது எக்ஸிபிட் 856, ரெண்டு போட்டோவையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.

எனக்கு எடையை விட பெரிய உறுத்தல் கைமாறுன கதைதான். ஸ்ட்ரெச்சர்ல அதைப் பார்த்தது டாரல் டாம்லின்சன்னு ஆஸ்பத்திரி ஊழியர், அவர்கிட்ட இருந்து பாதுகாப்பு அதிகாரி ரைட், அவர்கிட்ட இருந்து ஜனாதிபதி பாதுகாப்பைப் பாக்குற சீக்ரெட் சர்வீஸ்ல இருந்த ஜான்சன், அப்புறம் அவங்க தலைவர் ரௌலி, அப்புறம் எஃப்பிஐ எல்மர் டாட், கடைசில ஃப்ரேசியர். இதுல முதல் நாலு பேருகிட்டயும் பின்னாடி தோட்டாவைக் காட்டி இதுதானான்னு கேட்டப்ப நாலு பேருமே உறுதியா இதுதான்னு சொல்ல முடியலை. டாட் மட்டும் தன் இனிஷியல் போட்டிருந்தார். நீங்க பாயிண்ட் ஒரு கிரெய்ன் சுத்தமா எடை போட்டு என்ன பிரயோஜனம், எடை போட்டது எந்த தோட்டாவைன்னே கேள்வி இருக்கும்போது? மீனா, இதை உங்க பிரசன்டேஷன்ல விட்றாதீங்க.

தராசுமுள்

வைகைக்கரை தம்பி, கைமாறுன சங்கிலி பத்தி நீங்க சொன்னது அத்தனையும் ஒத்துக்கிறேன், கோர்ட்ல ஒரு நல்ல டிஃபென்ஸ் வக்கீல் அதைத்தான் பிடிச்சு உலுக்குவார். ஆனா ரெண்டு விஷயம் சேர்த்துப் பார்க்கணும்.

ஒண்ணு, 399 ஒரு கீறல் கூட இல்லாத தோட்டான்னு ஊரெல்லாம் பேசுறாங்களே, அது ஒரு பக்கத்து போட்டோ பார்த்ததால வந்தது. அடில இருந்து எடுத்த போட்டோ பாருங்க, வட்டமா இருக்க வேண்டிய அடிப்பக்கம் நசுங்கி முட்டை வடிவமா ஆகி உள்ள இருந்த ஈயம் வெளிய பிதுங்கியிருக்கு. மணிக்கட்டுல கிடைச்ச ஈய சீவல் இதுல இருந்து வந்தா அங்க இருந்துதான் வரணும். எட்ஜ்வுட்ல மணிக்கட்டுல சுட்டது நேரடியா முழு வேகத்துல, இங்க ரெண்டு உடம்பு கடந்து வேகம் குறைஞ்ச பிறகு பட்டதுன்னு கமிஷன் வாதம். அந்த வாதம் சரியா தப்பாங்கறது தனி விஷயம், ஆனா ரெண்டையும் ஒரே சோதனைன்னு எடுத்துக்க முடியாது.

ரெண்டாவது, எடைய வச்சு மறுக்கணும்னா என்ன வேணும்? உடம்புல கிடைச்சதும் தங்குனதும் சேர்ந்து நாலரை கிரெய்னைத் தாண்டணும். அப்பத்தான் இந்த தோட்டால இருந்து அவ்வளவு வந்திருக்க முடியாதுன்னு அடிச்சு சொல்லலாம். லேப்ல நிறுத்துப் பார்த்தது அரை கிரெய்ன், மிச்சம் டாக்டர்களோட மதிப்பீடு. கிரெகரி மதிப்பீட்டை எடுத்தா தாண்டாது, ஷா சொன்ன மூணு ப்ளஸ்ஸை எடுத்தா கூட கோட்டுக்கு பக்கத்துலதான் வருது, தாண்டுதுன்னு சொல்ல முடியாது. அதே மாதிரி எடை ஒத்துப்போறதால இந்த தோட்டாதான்னு நிரூபணமும் ஆகாது, ஏன்னா ஒரு கிரெய்ன் குறைஞ்ச எந்த தோட்டாவும் ஒத்துப்போகும்.

செல்வி_கெமிஸ்ட்ரி

குறுக்க வர்றேன். எல்லாரும் 399யவே பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க, எடை சாட்சியத்தை எப்படி வாசிக்கணும்னு கத்துக்க அந்த கார்ல கிடைச்ச துண்டுகள் இன்னும் நல்ல பாடம். முன் சீட்ல கிடைச்ச மூக்குப் பகுதி எக்ஸிபிட் 567, 44.6 கிரெய்ன். அடிப்பகுதி எக்ஸிபிட் 569, 21.0 கிரெய்ன். ரெண்டும் சேர்ந்தா 65.6. கம்பளத்துல கிடைச்ச மூணு சின்ன ஈயத் துண்டு 0.9, 0.7, 0.7. கென்னடி தலைல இருந்து எடுத்த ரெண்டு 1.65, 0.15. எல்லாம் கூட்டுனா 69.7 கிரெய்ன். ஒரு தோட்டா 161ன்னா இன்னும் 91 கிரெய்னுக்கு மேல காணோம்!

இதைப் பார்த்து சிலர் பாதி தோட்டாவை மறைச்சுட்டாங்கங்கறான், இன்னொருத்தன் 161க்குள்ள அடங்கிடுச்சு அதனால ஒரே தோட்டாதாங்கறான். ரெண்டுமே எடை சொல்லாத விஷயம். கூட்டுத்தொகை 161ஐத் தாண்டியிருந்தா ரெண்டு தோட்டாவாவது உண்டுன்னு சொல்லலாம். தாண்டலைன்னா ஒண்ணாவும் இருக்கலாம் ரெண்டாவும் இருக்கலாம். 567ம் 569ம் ஒரே தோட்டாவோட ரெண்டு பாதியான்னு கேட்டதுக்கு ஃப்ரேசியர் சொல்ல முடியாதுன்னுட்டார். ஆனா ரெண்டுமே கொலைகாரன்னு கமிஷன் சொன்ன ஆஸ்வால்டோட சி2766 நம்பர் ரைஃபிள்ல இருந்து சுட்டதுன்னு, துப்பாக்கிக் குழல் தோட்டா மேல பதிக்கிற பள்ளத் தடங்களை வச்சு சொன்னார், 399க்கும் அதே. அது எடை சாட்சியம் இல்ல, தனி.

அப்புறம் எடை போதலைன்னு தெரிஞ்சதும் என்ன ஆச்சுன்னா ரசாயனத்துக்குப் போனாங்க. 1977ல அமெரிக்க காங்கிரஸ் (அவங்க நாடாளுமன்றம்) கமிட்டிக்காக கலிபோர்னியா யுனிவர்சிட்டி இர்வின்ல இருந்த வின்சென்ட் குவின் நியூட்ரான் ஆக்டிவேஷன் (நியூட்ரானைப் பாய்ச்சி எந்த தனிமம் எவ்வளவுன்னு கண்டுபிடிக்கிற டெஸ்ட்) பண்ணி ஈயத்துல கலந்திருக்குற ஆன்டிமனிங்கற தனிமத்தை அளந்தார். 399ல பத்து லட்சத்துல 833 பங்கு, மணிக்கட்டு துணுக்கு 842ல 797, தலை, கார் துண்டுகள்ல 600 சொச்சம். அதனால ரெண்டே தோட்டா, மணிக்கட்டு துணுக்கு 399ல இருந்து வந்ததுதான் மிக சாத்தியம்னு 1978ல சாட்சி சொன்னார். எல்லாரும் முடிஞ்சதுடா பிரச்சனைன்னு நினைச்சாங்க. ஆனா அவரோட டேபிளையே பாருங்க, இதே ரகத்துல ஒரே தோட்டாவை நாலு துண்டா வெட்டி அளந்ததுல ஒரு துண்டுல 358, இன்னொண்ணுல 983! ஒரே தோட்டாவுக்குள்ள இவ்வளவு அலைபாய்ஞ்சா 833ம் 797ம் பக்கத்துல இருக்கறதுக்கு என்ன மதிப்பு? 2006ல ராண்டிச், கிரான்ட்னு ரெண்டு பேர் இதை உலோகவியல் கோணத்துல போட்டு உடைச்சாங்க, ஈயம் உறையும்போது ஆன்டிமனி சமமா பரவாது, அந்த துண்டுகள் ரெண்டுல இருந்து அஞ்சு தோட்டா வரைக்கும் எதுல இருந்து வேணா வந்திருக்கலாம்னு. அதுக்கு முன்னாடியே 2004ல அமெரிக்க நேஷனல் ரிசர்ச் கவுன்சில் தோட்டா ஈயத்தை ஒப்பிடுற முறையோட எல்லைகளை எழுதி 2005ல எஃப்பிஐ அந்த டெஸ்ட்டையே நிறுத்திடுச்சு. மத்த வழக்குகள்ல எத்தனை பேர் அந்த சாட்சியத்தை நம்பி ஜெயிலுக்குப் போனாங்கன்னு நினைச்சா எனக்கு வயிறு எரியுது.

வைகைக்கரை

செல்வி சொன்னது ரொம்ப முக்கியம், நானும் ஒரு காலத்துல குவின் ரிசல்ட்டை வச்சு வாதாடுறவங்களைப் பார்த்திருக்கேன். ஒண்ணு மட்டும் சேர்க்கிறேன், 1993ல கானலி இறந்தப்ப உடம்புல தங்கியிருந்த துணுக்குகளை எடுத்து நிறுத்துப் பார்க்கலாம்னு கோரிக்கை வந்துச்சு, குடும்பம் ஒத்துக்கலை. அவங்க துக்கத்துல அது புரிஞ்சுக்கக்கூடியதுதான். ஆனா ஐயா சொன்ன அந்த நாலரை கிரெய்ன் கோட்டைத் தாண்டுதா இல்லையான்னு அளந்தே தெரிஞ்சுக்க இருந்த வாய்ப்பு அதோட போச்சு. அதனால அந்தப் பக்கம் எப்பவும் மதிப்பீடாவேதான் இருக்கும்.

மீனா_சட்டம்3

ரொம்ப ரொம்ப நன்றி எல்லாருக்கும். இப்ப எனக்குப் புரியறது என்னன்னா 2.4ன்னு ஒரே எண்ணா எழுதாம 0.4ல இருந்து 4.4ன்னு ஒரு வீச்சா எழுதி, அந்தப் பக்கம் உடம்புல இருந்ததுல எது நிறுத்தது எது கண்ணளவுன்னு பிரிச்சு எழுதணும். எங்க மேடம் கண்டிப்பா கேப்பாங்க, நிபுணர் ரெண்டு பேர் வேற வேற சொன்னா கோர்ட் யாரை எடுத்துக்கும்னு. நம்ம பழைய சாட்சிய சட்டம் பிரிவு 45, இப்ப புது சட்டத்துல 39, நிபுணர் கருத்து கருத்துதான், ஜட்ஜைக் கட்டுப்படுத்தாதுன்னு சொல்லலாம்னு இருக்கேன். ஷா, கிரெகரி விஷயத்துல யார் தொட்டுப் பார்த்தாங்க யார் படம் பார்த்தாங்கங்கறதை வச்சு சொல்லலாமா ஐயா?

இன்னொரு சந்தேகம், வாக்கர் தோட்டான்னு ஒண்ணு வருதே, அது 148.25 கிரெய்ன்னு போட்டிருக்கு. அதையும் சேர்க்கவா?

தராசுமுள்

சொல்லலாம்மா, அதுதான் சரியான பிடி. ஆனா கிரெகரியும் தராசுல வச்சு சொல்லலைங்கறதையும் சேர்த்து சொல்லு, அவர் கையால எடுத்தவர்ங்கறதால அவர் சொல்லுக்கு கனம் கூட, அவ்வளவுதான். எடை போட்டது ஃப்ரேசியர், அதுவும் லேபுக்கு வந்து சேர்ந்த துணுக்கை மட்டும். டேபிள் போடும்போது மூணு பத்தியா போடு, நிறுத்தது, மதிப்பிட்டது, தெரியாதது. மூணாவது பத்தில முதல் வரியா 399ன் தொடக்க எடைன்னு எழுது.

வாக்கர் தோட்டாவை கண்டிப்பா சேர்த்துக்கோ, அது நல்ல உதாரணம். 1963 ஏப்ரல் 10 ராத்திரி டல்லாஸ்ல இருந்த முன்னாள் ராணுவ அதிகாரி ஜெனரல் வாக்கர் வீட்டு ஜன்னல்ல சுட்டது, ஜன்னல் சட்டத்துல பட்டு சுவரைத் துளைச்சு உருக்குலைஞ்சு போச்சு. 161ல இருந்து கழிச்சா 12.75 கிரெய்ன் குறையுது. ஆனா இங்க 161ல இருந்து கழிக்கறதே அது 6.5 தோட்டாதான்னு முன்னாடியே ஒத்துக்கிட்டுதான். ஃப்ரேசியர் அதைப் பார்த்துட்டு பள்ளங்களோட பொதுவான அமைப்பு ஒத்துப்போகுது, ஆனா இந்த ரைஃபிள்ல இருந்துதான்னு முடிவா சொல்ற அளவுக்கு தடம் மிஞ்சலைன்னார். சிதைஞ்ச தோட்டால எடை எந்த அளவுக்கு உதவும்னு உன் கிளாஸுக்கு புரியவைக்க 399, 567, வாக்கர் மூணையும் ஒரே ஸ்லைடுல வை. ஃப்ரேசியர் சாட்சியம் கமிஷன் சாட்சியத் தொகுப்போட மூணாவது வால்யூம்ல இருக்கு, கேள்வி பதிலா அப்படியே எடுத்துப் போடு, சுருக்காத, அவர் எவ்வளவு ஜாக்கிரதையா பேசுறார்னு அதுலதான் தெரியும்.

வைகைக்கரை

நாலாவது ஸ்லைடு கைமாறுன சங்கிலிக்கு ஒதுக்குங்க மீனா. நாலு பேர் அடையாளம் சொல்ல முடியலைங்கறது எக்ஸிபிட் 2011ல இருக்கு.